ஓடாத கணினிகளை வைத்தே பாடத்தைத் தொடங்கலாம்

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். கணினி அறையில் 20 மேசைக் கணினிகள் இருக்கின்றன, ஓடுபவை 9. தரம் 10, 11 மாணவர்கள் சிலர், மற்றவற்றைத் தாங்களே திருத்திப் பார்க்கவும் வலையமைப்புப் போடவும் சொல்லித் தரும்படி விடாமல் கேட்கிறார்கள். பாடசாலை முடிந்தபின் வாரம் ஒருநாள் வகுப்பு வைக்க அதிபரும் சம்மதித்துவிட்டார். எனக்குத்தான் பயம். மின்சாரம் தாக்கினால் யார் பதில் சொல்வது? இணைய இணைப்பு பாதி நாட்கள் கிடைப்பதில்லை. அது இல்லாமல் வலையமைப்பை எப்படிக் கற்பிப்பது? பெண் பிள்ளைகளின் பெற்றோர் சிலர், ‘இது இவளுக்கு எதற்கு?’ என்கிறார்கள். சான்றிதழ் கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒரு சிறு தொகை தரும். ஓடும் 9 கணினிகளில் ஒன்று சில நாட்களாக ‘டிக், டிக்’ என்று சத்தமிடுகிறது; மாணவர் புள்ளிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பாடத்திட்டம் எனக்குத் தெரியும், ஆனால் ஒரு கணினியையும் கழற்றியதில்லை. நானே திறந்து பார்க்காத பெட்டியைப் பிள்ளைகளுக்கு எப்படித் திறந்து காட்டுவேன்?

– ஓர் ஆசிரியை, மட்டக்களப்பு மேற்கு

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வகுப்பைத் தொடங்கும் முன், ஓடாத கணினிகளில் ஒன்றை மேசையில் வைத்து, மின்கம்பியைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்து ஒரு மாலைப்பொழுது அதனோடு இருங்கள். ஒவ்வொரு கம்பியையும் கழற்றும் முன் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றியவற்றைப் படத்தைப் பார்த்து மீண்டும் பூட்டுங்கள். ஏற்கெனவே ஓடாத கணினி. நீங்கள் கெடுப்பதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அதற்குமேல் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். ‘எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்’ என்று ஆசிரியை சொல்வதைக் கேட்பது அந்தப் பிள்ளைகளுக்கு நல்லது. ஆபத்தான விடயங்களில் மட்டும் நீங்கள் முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்கும்போது நாம் செய்கிற வழக்கமான காரியம், பாகங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதுதான். தயவுசெய்து அப்படித் தொடங்காதீர்கள். பெயர்கள் தாமாக வரும். இந்த வேலையில் கற்பிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பழுதைத் தேடும் ஒழுங்கு. அது கைவந்த பிள்ளை நாளை எந்தப் புதிய இயந்திரம் வந்தாலும் சமாளிக்கும். அது இல்லாத பிள்ளை, பாகங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக் காசைக் கரைக்கும். நாடி பார்க்காமலே மருந்து கொடுக்கிற வைத்தியரைப் போன்ற திருத்துநர்கள் நமது நகரங்களில் இப்போதே போதுமான அளவு இருக்கிறார்கள்.

முதல் வகுப்பிலிருந்தே ஒரு சட்டம் போடுங்கள். ‘டீச்சர், இது வேலை செய்யவில்லை’ என்ற வாக்கியத்தை யாரும் சொல்லக் கூடாது. அதற்குப் பதிலாக, என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறதா? மின்விசிறி சுற்றுகிறதா, சுற்றி நின்றுவிடுகிறதா? பீப் சத்தம் வருகிறதா? திரையில் ஏதாவது எழுத்து வருகிறதா, வந்தபின் எந்த இடத்தில் நிற்கிறது? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடைத்தாலே பழுது எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும். எதுவுமே எரியவில்லை என்றால் மின்சாரப் பக்கம். மின்விசிறி சுற்றியும் திரை கறுப்பாகவே இருந்தால் ரேம் (தற்காலிக நினைவகத் துண்டு), திரைக் கம்பி, தாய்ப்பலகை (எல்லாப் பாகங்களும் பூட்டப்படும் பிரதானப் பலகை). எழுத்து வந்து, விண்டோஸ் தொடங்காமல் நின்றால் ஹார்ட் டிஸ்க் (கோப்புகளைச் சேமிக்கும் வட்டு) அல்லது மென்பொருள்.

இரண்டாவது சட்டம்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ரேமையும் கம்பியையும் சேர்த்து மாற்றி, கணினி ஓடிவிட்டால், எது பழுது என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது: ஒவ்வொரு கணினிக்கும் ஒரு கொப்பி. திகதி, கண்டது, செய்தது, விளைவு. பிள்ளைகளுக்கு எழுதுவது அலுப்பாக இருக்கும், விடாதீர்கள். அந்தக் கொப்பி பின்னால் அவர்களுக்கே கைகொடுக்கும்.

உங்களிடம் ஓடாமல் இருக்கும் 11 கணினிகளில் சில, மின்விசிறி சுற்றியும் திரையில் ஒன்றும் வராத வகையாக இருக்க வாய்ப்புண்டு. நமது பக்கத்தில் நான் அடிக்கடி காணும் பழுது இது. கடற்காற்றும் வாவிக் காற்றும் உப்பையும் ஈரத்தையும் கொண்டுவருகின்றன. மாரி காலத்தில், மார்கழி விடுமுறைக்குப் பூட்டிய கணினி அறை வாரக்கணக்கில் திறக்கப்படுவதில்லை. ஓடும் கணினி தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்ளும். நிறுத்தி வைத்த கணினிக்கு அதுவும் இல்லை. ரேமின் கீழ் விளிம்பில் இருக்கும் பொன்னிறப் பட்டைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். புதியதில் அவை பளிச்சென்று இருக்கும். உங்களுடையதில் ஒரு மங்கலான படலம் தெரியும். சிலவற்றில் பட்டையின் ஓரத்தில் ஊசிமுனை அளவு பச்சைப் புள்ளிகூட இருக்கும். அந்தப் படலம்தான் தொடுகையைக் கெடுக்கிறது.

இதைப் பிள்ளைகளே செய்யலாம். மின்கம்பியைக் கழற்றுங்கள். கழற்றியபின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிஞ்சிய மின் இறங்கட்டும். பெட்டியின் பூச்சுப் படாத இரும்பைத் தொட்டுவிட்டு, இரண்டு பக்கக் கொக்கிகளையும் விரித்து ரேமை எடுங்கள். விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். நல்ல வெள்ளை அழிறப்பரால் பொன்னிறப் பட்டைகளை மேலிருந்து கீழாக மெதுவாகத் தேயுங்கள். அரத்தாள் வேண்டாம், பொன்பூச்சு மிக மெல்லியது, உரிந்துவிடும். அழிறப்பர்த் தூளைத் தூரிகையால் முழுமையாகத் தட்டிவிடுங்கள். தாய்ப்பலகையில் ரேம் இருந்த பள்ளத்தையும் தூரிகையால் துடையுங்கள். எறும்புக் கூடோ பல்லி முட்டையோ இருந்தால் வியப்படைய வேண்டாம். மீண்டும் பூட்டும்போது இரண்டு கொக்கிகளும் ‘டக்’ என்று தாமாக மூட வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. கறுப்பாகவே கிடந்த திரையில் எழுத்து வரும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள்.

வேறு சில எளிய பழுதுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் திகதி பழைய ஆண்டுக்குப் போய்விட்டால், தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவ மின்கலத்தை மாற்றினால் போதும். அது 3 வோல்ட். பழுதானதை மல்டிமீற்றரில் (மின்னழுத்தம் அளக்கும் கருவியில்) வைத்துப் பார்த்தால் மிகக் குறைவாகக் காட்டும். திரைக் கம்பியைத் தவறான துளையில் குத்திவிட்டு, கணினி பழுது என்று ஒதுக்கி வைத்திருப்பதும் உண்டு. தனியான கிராபிக்ஸ் அட்டை பூட்டிய கணினியில் கம்பியை அந்த அட்டையில்தான் குத்த வேண்டும். தாய்ப்பலகையில் மின்னைச் சேமிக்கும் உருளை வடிவக் கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அந்தப் பலகையை ஓட வைக்க முயல வேண்டாம். அதிலிருந்து ரேம், மின்விசிறி, ஹார்ட் டிஸ்க் போன்றவற்றை எடுத்து மற்றவற்றுக்குப் பயன்படுத்துங்கள். 11 கணினிகளும் உயிர்பெறும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். சில கணினிகள் மற்றவற்றுக்கு உதிரிப்பாகம் கொடுக்கத்தான் இருக்கும்.

இனி நீங்கள் அஞ்சும் விடயம். உங்கள் அச்சம் சரியானது, அதைக் கைவிடாதீர்கள்.

கணினிப் பெட்டிக்குள் ஆபத்து எல்லா இடத்திலும் இல்லை. தாய்ப்பலகை, ரேம், டிஸ்க் எல்லாம் 12 வோல்ட்டிலும் அதற்குக் குறைந்த மின்னழுத்தத்திலும் இயங்குபவை. ஆபத்து முழுவதும் பவர் சப்ளை என்ற, மின்கம்பி வந்து சேரும் அந்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் அதற்குள் நேரோட்ட மின்னாக மாற்றப்பட்டு ஏறத்தாழ 325 வோல்ட்டாகக் கப்பாசிட்டரில் சேமிக்கப்படுகிறது. செருகியைக் கழற்றிய பின்னும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கலாம். ஆகவே பவர் சப்ளையின் திருகாணிகளை யாரும் தொடக் கூடாது: மாணவரும் கூடாது, நீங்களும் கூடாது. அவற்றின்மேல் சிவப்பு நாடா ஒட்டிவிடுங்கள். பழுதானால் முழுதாக மாற்றுவதுதான். பழைய, பின்புறம் நீண்ட குழாய்த் திரைகள் ஏதும் மூலையில் கிடந்தால் அவற்றையும் திறக்கக் கூடாது. அவற்றுக்குள் இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட்.

பவர் சப்ளை நல்லதா என்று திறக்காமலே அளக்கலாம். மல்டிமீற்றரை நேரோட்ட மின் (டிசி) 20 வோல்ட்டில் வைத்து, கணினி ஓடும்போது, டிஸ்க்குக்குப் போகும் பழைய வகை நான்குமுனைச் செருகியில் கறுப்புக் கம்பிக்கும் மஞ்சளுக்கும் இடையே அளந்தால் 12 வோல்ட். கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே 5 வோல்ட். நூற்றுக்கு 5 வீதம் கூடிக் குறையலாம். 12 இருக்க வேண்டிய இடத்தில் 11.4க்குக் கீழே காட்டினால் அது பலவீனமாகிவிட்டது. இரண்டு அளவு முனைகளும் ஒன்றோடொன்று முட்டாமல் பிடிக்க வேண்டும். இதை முதலில் நீங்கள் செய்து காட்டி, பிறகு ஒருவர் ஒருவராகச் செய்ய விடுங்கள்.

வகுப்பு தொடங்கும் முன் தகுதியுள்ள மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு அறையின் புவித்தொடுப்பையும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சையும் சோதித்துக்கொள்ளுங்கள். இதை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போட வேண்டாம். சங்கம் தரும் தொகையில் முதல் செலவு இதுவாகவே இருக்கட்டும். கணினியின் இரும்பைத் தொடும்போது விரலில் மெல்லிய சுரீர் உணர்வு வந்தால் புவித்தொடுப்பு இல்லை என்று பொருள். ட்ரிப் சுவிச்சில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் சுவிச் விழ வேண்டும். விழாவிட்டால் அது உங்களைக் காக்காது. செருகியை வெட்டிவிட்டு வெறும் கம்பியைத் துளைக்குள் நுழைத்து வைத்திருந்தால் அன்றே அகற்றுங்கள். சப்பாத்துப் போட்ட பிள்ளைகள் மட்டும் வேலை செய்யட்டும். ஈரத் தரையில் வேலையே வேண்டாம். அறையின் பிரதான சுவிச்சுக்குப் பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். அது எங்கே இருக்கிறது, எப்படி விழுத்துவது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் இடிமுழக்கம் நமக்குப் பழக்கம். உங்கள் வகுப்பு நேரமும் அதுவே. வானம் இருண்டதும் கணினிகளை நிறுத்தி, மின் செருகிகளைக் கழற்றி, ரவுட்டருக்கு வரும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். பலர் மின்சாரத்தை மட்டும் கழற்றுகிறார்கள். மின்னலின் மின்பாய்ச்சல் தொலைபேசிக் கம்பி வழியாக ரவுட்டருக்கு வந்து, அங்கிருந்து வலையமைப்புக் கேபிள் வழியாகக் கணினிகளின் துறைகளை (கேபிள் குத்தும் துளைகளை) எரித்துவிடும். யுபிஎஸ் இருக்கிறது என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். வெள்ளத்தில் நனைந்த கணினி வந்தால், உள்ளே உலர்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகக்கூட மின் கொடுக்கக் கூடாது.

‘யார் பதில் சொல்வது?’ என்று கேட்டிருந்தீர்கள். வாய்மொழிச் சம்மதத்தோடு தொடங்காதீர்கள் என்பதே என் பதில். பாடசாலைக் கணினிகள் அரச உடைமைகள், பொருட்பதிவேட்டில் உள்ளவை. எந்த இலக்கக் கணினிகளைத் திறக்கப் போகிறீர்கள், எதிலிருந்து எடுத்த பாகம் எதில் பூட்டப்படும், பாதுகாப்பு விதிகள் எவை என்று ஒரு பக்கத்தில் எழுதி அதிபரின் ஒப்பம் பெறுங்கள். பிரதியை வலயக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்; அங்குள்ள பாட ஆசிரிய ஆலோசகர் உங்கள் பக்கம் நிற்பது பெரிய பலம். ஆண்டு இறுதியில் பொருட்கணக்கெடுப்புக்கு வருபவர்கள் ஒரு ரேம் குறைகிறது என்று கேட்டால், உங்கள் கொப்பிகள் பதில் சொல்ல வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத கணினியைத் திறக்கவே வேண்டாம். பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

வலையமைப்புக்கு இணையம் தேவையில்லை. இதை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஏனென்றால் கைத்தொலைபேசியோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்று. இரண்டு கணினியும் ஒரு கேபிளும் இருந்தால் அது வலையமைப்பு. ஊர் வீடுகளில் அலுமாரிக்கு மேல் கிடக்கும் பழைய ரவுட்டர்களைக் கேட்டு வாங்குங்கள். இணைப்புத் துண்டிக்கப்பட்ட பின்னும் அவற்றின் நான்கு துறைகளும் வைஃபையும் வேலை செய்யும். ஒரு வகுப்புக்கு அது தாராளம்.

முதல் பாடம் கேபிள் செய்வது. கேபிளுக்குள் சோடி சோடியாக முறுக்கிய எட்டுக் கம்பிகள், நான்கு சோடி. வெளித்தோலை உரித்து, சோடிகளைப் பிரித்து, இடமிருந்து வலமாக: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். இதற்கு டி568பி ஒழுங்கு என்று பெயர். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே வைத்து மேலும் கீழும் நெளித்து நேராக்கி, நுனியைச் சமமாக வெட்டி, செருகியின் முடிவுவரை தள்ள வேண்டும். எட்டுச் செம்பு நுனிகளும் செருகியின் முன்முகத்தில் புள்ளிகளாகத் தெரிகின்றனவா என்று பார்த்தபிறகே கிரிம்பரை (செருகியைக் கேபிளோடு இறுக்கும் கருவியை) அழுத்த வேண்டும். வெளித்தோலும் செருகிக்குள் நுழைந்து அதன் பிடியில் இறுக வேண்டும். இல்லாவிட்டால் மேசையை அசைக்கும்போதெல்லாம் கம்பி கழன்று வரும். முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் அவிழ்க்கக் கூடாது.

பச்சைச் சோடி ஏன் நீலத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது என்று கெட்டிக்காரப் பிள்ளை நிச்சயம் கேட்கும். அதற்கு இடம் கொடுங்கள். மூன்றாம், ஆறாம் முனைகள்தான் ஒரு சோடி. அழகாக இருக்கிறது என்று பச்சை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மறுமுனையிலும் அப்படியே செய்தால், மலிவான சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். ஆனால் மூன்றும் ஆறும் வெவ்வேறு சோடிகளுக்குப் போய்விட்டதால் முறுக்கின் பயன் இல்லாமல் போகிறது. ஒரு கம்பியின் குறி மற்றதில் கலக்கிறது. கேபிள் நீள நீள வலையமைப்பு தள்ளாடும். சோதனைக் கருவி ‘சரி’ என்று சொன்னாலும் உண்மையில் சரியில்லை என்பதை ஒரு பிள்ளை தன் கையால் செய்து அறிவது பெரிய பாடம். வேண்டுமென்றே அப்படி ஒரு கேபிளும் செய்து வையுங்கள்.

கேபிள் வாங்கும்போது மலிவு என்று அலுமினியத்தில் செம்பு பூசியதை வாங்க வேண்டாம். கம்பியின் நுனியை பிளேடால் சுரண்டினால் தெரிந்துவிடும்: உள்ளே வெள்ளியாக மின்னினால் அலுமினியம். அது எளிதில் முறியும், நமது உப்புக் காற்றில் அதிக நாள் தாங்காது.

பிறகு முகவரி. ரவுட்டர் இல்லாமல், நான்கு கணினிகளை ஒரு வலையமைப்புச் சுவிச்சில் (கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டியில்; மின் சுவிச் அல்ல) இணைத்து 192.168.10.1 முதல் 192.168.10.4 வரை கையால் முகவரி கொடுங்கள். எந்த முகவரிகள் ஒரே வலையமைப்பைச் சேர்ந்தவை என்று சொல்லும் உபவலை மறைப்பு 255.255.255.0. ஒன்றிலிருந்து மற்றதை ‘பிங்’ என்ற கட்டளையால் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் உடனே கேபிளைப் பழிக்க வேண்டாம். விண்டோஸின் ஃபயர்வால் என்ற பாதுகாப்பு அரண் பிங்கைத் தடுப்பது வழக்கம். வலையமைப்பைத் தனிப்பட்டது என்று குறித்து, கோப்புப் பகிர்வை அனுமதித்தால் பதில் வரும். இங்கேயும் அதே ஒழுங்குதான்: முதலில் சுவிச்சில் விளக்கு எரிகிறதா, பிறகு தன் முகவரி சரியா, பிறகு பக்கத்துக் கணினி, பிறகு ரவுட்டர், கடைசியில் வெளியுலகம். கையால் முகவரி கொடுத்துப் பழகியபின் ரவுட்டரை இணைத்து, அது தானாக முகவரி வழங்குவதைக் காட்டுங்கள். சுவிச்சில் கேபிளை விட்டுவிட்டு ரவுட்டரை மட்டும் நிறுத்தி, கணினியை மீண்டும் தொடக்கினால், சிறிது நேரத்தில் அது 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும். அந்த எண்ணைக் கண்டால் முகவரி தருபவர் வீட்டில் இல்லை என்று பிள்ளைகள் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருப்பார்கள்.

இதற்குப் பிறகு நீங்கள் அதிகம் பேச வேண்டியதில்லை. வகுப்பை இரண்டு குழுவாக்குங்கள். ஒரு குழு வெளியே போகட்டும். மற்றது ஒரு பழுதை வைக்கட்டும்: ஒரே முகவரியை இரண்டு கணினிகளுக்குக் கொடுக்கலாம், கேபிளைப் பாதி கழற்றலாம், முகவரி வழங்கும் இரண்டாவது ரவுட்டர் ஒன்றை ஒளித்து இணைக்கலாம், ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிச்சில் குத்தலாம். கடைசியாகச் சொன்னதைச் செய்தால் சாதாரணச் சுவிச்சின் விளக்குகள் எல்லாம் வெறிகொண்டு மின்னும். தரவு சுற்றிச் சுற்றி ஓடி, வலையமைப்பு முழுவதும் முடங்கும். வெளியே போன குழு வந்து தேட வேண்டும். தேடிய வழியைக் கொப்பியில் எழுத வேண்டும். விரைவாகக் கண்டுபிடித்தவர்களுக்கு அல்ல, ஒழுங்காகத் தேடியவர்களுக்குப் புள்ளி கொடுங்கள். இந்த விளையாட்டைப் பாடசாலை அலுவலக வலையமைப்பில் ஒருபோதும் ஆட விடாதீர்கள்.

இணையம் கிடைக்கும் நாளில் சிஸ்கோ நிறுவனத்தின் பாக்கெட் ட்ரேசர் மென்பொருளை இறக்கி வையுங்கள், பதிவுசெய்தால் இலவசம். பத்து ரவுட்டர் கொண்ட வலையமைப்பையும் திரையிலேயே கட்டிப் பார்க்கலாம். ஆனால் கேபிள் தொட்ட பிறகு அது வரட்டும்.

கணினிகளில் எந்த மென்பொருள் போடுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. உங்கள் பழைய கணினிகளில் பல விண்டோஸ் 11ஐ ஏற்கா. திருட்டுப் பிரதியைப் பிள்ளைகள் முன்னால் போடாதீர்கள். அவர்கள் கற்பது அதையும் சேர்த்துத்தான். திருத்திய கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடலாம், பணம் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சிறிய எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) பூட்ட முடிந்தால் பழைய கணினி நம்ப முடியாத வேகம் பெறும். பரீட்சைச் செயன்முறைக்குத் தேவையான கணினிகளை மட்டும் இருந்தபடியே விடுங்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்கள் ‘எதற்கு?’ என்று கேட்கும்போது, பல வேளைகளில் உள்ளே இருப்பது வேறு கேள்வி: எத்தனை மணிக்கு வீடு வருவாள், யாரோடு வருவாள். வாவிக்கு அந்தப் பக்கம் பஸ் தவறினால் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பாடசாலை முடிந்தவுடன் தொடங்கி, கடைசி பஸ்ஸுக்கு நேரம் வைத்து முடித்துவிடுங்கள். வகுப்பு முடியும் நேரத்தை எழுதிக் கொடுத்து, ஒருநாளும் அதைத் தாண்டாதீர்கள். தாய்மாரை ஒருநாள் அழைத்து, மகள் ரேம் கழற்றிப் பூட்டுவதைக் காண விடுங்கள்.

அவர்களிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். நமது ஊர்ப் பெண்கள் பலர், கைத்தொலைபேசியோ மடிக்கணினியோ பழுதானால் கடையில் கொடுக்கத் தயங்குகிறார்கள். குடும்பப் படங்கள் யார் கையில் போகுமோ என்ற பயம் அது, நியாயமான பயம். திருத்தத் தெரிந்த ஒரு பெண் அந்த ஊரில் இருந்தால் அவளைத் தேடி வேலை வரும், வீட்டிலிருந்தே செய்யலாம். களுவாஞ்சிகுடியோ காத்தான்குடியோ கல்முனையோ, எங்கும் இந்தத் தேவை இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அதே காரணத்தால், ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து இருக்கும்போது ஒரு முழு வகுப்பை இதற்காக ஒதுக்குங்கள். திருத்த வந்த கணினியில் உரிமையாளரின் கோப்புறையைத் திறக்கக் கூடாது. படங்களைப் பார்க்கக் கூடாது. பிரதி எடுக்க வேண்டியிருந்தால் உரிமையாளரைக் கேட்டு எடுத்து, வேலை முடிந்ததும் அவர் முன்னிலையில் அழிக்க வேண்டும். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அனுமதியற்ற நுழைவைக் குற்றமாக்குகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் அல்ல, இன்னொருவரின் வீட்டுக்குள் நிற்கிறோம் என்ற எண்ணத்தோடு அவர்கள் வேலை செய்யப் பழக வேண்டும். திறமை குறைந்த திருத்துநரை ஊர் பொறுத்துக்கொள்ளும். இதில் தவறியவரைப் பொறுக்கக் கூடாது.

சான்றிதழ் பற்றி உண்மையைச் சொல்லிவிடுங்கள். பாடசாலையில் நீங்கள் கொடுக்கும் தாள் ஊக்கத்துக்கு நல்லது; வேலைக்கு அதைவிட வேண்டியது தேசிய தொழிற் தகைமை, எல்லோரும் என்விகியூ என்று சொல்வது. அது 1 முதல் 7 வரை மட்டங்கள் கொண்டது. 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்கு இணை. கணினி வன்பொருள் திருத்துநருக்கான தகைமையும் அதில் உண்டு. தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபை ஆகியவற்றில் விசாரிக்கச் சொல்லுங்கள். வகுப்புக்குப் போகாமல், ஏற்கெனவே பெற்ற திறமையைக் காட்டி மதிப்பீட்டுக்கு உட்படும் வழியும் இருக்கிறது. அதற்குச் செய்த வேலைகளின் சான்று கேட்பார்கள். அலுத்துக்கொண்டு எழுதிய அந்தக் கொப்பிகளும், எடுத்த படங்களும் அப்போது பயன்படும். நன்றாகப் படிக்கும் பிள்ளை இந்த ஆர்வத்தில் உயர்தரத்தைக் கைவிட நினைத்தால் தடுத்துவிடுங்கள். உயர்தரத்திலும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடம். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் தூரமில்லை.

சங்கத்தின் தொகையில், மின்வினைஞருக்குக் கொடுத்தபின், இரண்டு மூன்று நட்சத்திரமுனைத் திருப்புளிகள், ஒரு மல்டிமீற்றர், ஒரு கிரிம்பர், ஒரு கேபிள் சோதனைக் கருவி, செருகிகள் ஒரு பொதி, நல்ல செம்புக் கேபிள் கொஞ்சம், தூரிகைகள் வாங்குங்கள். மிச்சம் இருந்தால் சிஆர்2032 மின்கலங்கள். வேறு எதுவும் இப்போது வேண்டாம். திருகாணிகளைப் போட வெற்று ஐஸ்கிறீம் கோப்பைகள் போதும், கோப்பையில் கணினியின் இலக்கத்தை எழுதி ஒட்டுங்கள்.

‘டிக், டிக்’ என்று சத்தமிடும் கணினியைக் கடைசியாக எழுதுகிறேன். ஆனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். அது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் தன் முடிவை அறிவிக்கும் சத்தம். இப்போதும் கோப்புகள் திறக்கின்றன என்றால், நாளைக் காலை வேறு எதற்கும் முன்னால், புள்ளிகள் உள்ள கோப்புகளை மட்டும் இரண்டு வெவ்வேறு பென் டிரைவில் பிரதி எடுங்கள்; முழு டிஸ்க்கையும் எடுக்க முயன்று நேரத்தைக் கடத்தாதீர்கள். பிரதி வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தக் கணினியை நிறுத்தி டிஸ்க்கை மாற்றுங்கள். நிறுத்திய பிறகு மீண்டும் ஓடாவிட்டால், ஓடுகிறதா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முயற்சியும் தட்டில் கீறலைக் கூட்டலாம். டிஸ்க்கைக் கழற்றி, உலர்ந்த உறையில் வைத்து, தரவு மீட்பதைத் தொழிலாகச் செய்பவரிடம் அதிபரின் அனுமதியோடு கொடுங்கள். பழைய டிஸ்க்கைப் பிறகு பிள்ளைகளிடம் திறக்கக் கொடுக்கலாம், புள்ளிகள் பத்திரமாக வேறிடத்தில் இருக்கின்றன என்று உறுதியான பின்னர் மட்டும்.